ஸ்கூட்டரின் கியர்ப்பெட்டிக்கு ஏற்ற எண்ணெய்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. அச்சாணி இருந்தும் மசகு இல்லாத தேர் எத்தனை சாண் ஓடும் என்பதைப் பழமொழி கூறவில்லை. ஆயினும் மாட்டுவண்டி ஓட்டியவர்கள் அதனை நன்கு அறிந்திருந்தனர். ஆமணக்கெண்ணெயிலே வைக்கோற் கரியைக் குழைத்து அச்சுக்கு இடுவது அவர்களின் வழக்கம். அந்தக் கருநிறக் குழம்புக்கே மசகு என்று பெயர். அவர்களுக்கு ஒரு மசகு போதுமானதாயிருந்தது. இன்று எண்ணெய்க் கடையின் தட்டிலே பல நிறப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் எழுத்துகளும் இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுள் எது தன் வண்டிக்கு உரியது என்று அறியாமல், "எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே" என்று கைக்கு வந்ததை ஊற்றுவார் ஒரு சாரார்; "விலை கூடியதே வண்டிக்கு நல்லது" என்று நம்பி வாங்குவார் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் பெரும்பாலும் ஒரே கராஜ் வாசலிலே சந்திக்கின்றனர்.

கையினாற் கியர் மாற்றும் பழைய ஸ்கூட்டர்களைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். தந்தை விட்டுச் சென்ற வண்டி என்பதற்காக ஓட்டுவோரும், அதிலே பாரமேற்றித் தொழில் செய்வோரும் அவர்களுட் சேர்வர். இத்தகைய வண்டியின் கியர்ப்பெட்டியிலே பிழையான எண்ணெயை இட்டால் வண்டி அன்றே நின்றுவிடாது. சில நூறு மைல்கள் ஓடும். பின்னர் ஏற்றத்திலே கிளச்சு வழுக்கும். அல்லது கியர் தானாகவே விடுபடும். அப்பொழுது குற்றம் எண்ணெயின்மேற் சுமத்தப்படுவதில்லை. கிளச்சுத் தட்டுகள் மாற்றப்படுகின்றன, பெட்டி பிரிக்கப்படுகின்றது, ஒரு மாதத்துச் சம்பாத்தியம் கரைகின்றது. புதிய தட்டுகள் இட்டபின் மீண்டும் அதே எண்ணெய் ஊற்றப்பட்டால், அதே நோய் திரும்பவும் வருகின்றது.

இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்வதற்கு ஸ்கூட்டரின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். இத்தாலி நாட்டிலே பொந்தெதேரா என்னும் ஊரில் விமானங்கள் செய்துவந்த பியாஜ்ஜியோ நிறுவனம், இரண்டாம் உலகப் போரின் பின் மக்களுக்கு ஏற்ற மலிவான வண்டியொன்றைச் செய்ய முற்பட்டது. அதனை வரைந்தவர் கொராதீனோ தாஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாளர். 1946 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அவ்வண்டிக்குக் காப்புரிமை கோரப்பட்டது. அதுவே வெஸ்பா. ஓட்டுபவரின் ஆடையிலே எண்ணெய் படியக்கூடாது என்பதற்காகத் தாஸ்கானியோ சங்கிலியை அடியோடு ஒழித்தார். எஞ்சின், கிளச்சு, கியர்ப்பெட்டி ஆகிய மூன்றையும் ஒரே அலுமினியக் கூட்டினுள் அடக்கிப் பின்சக்கரத்தின் அருகிலே பொருத்தினார். கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் அச்சிலேயே பின்சக்கரம் பூட்டப்பட்டது. கியர்ப்பெட்டிக்கும் பின் பிறேக்குக்கும் இடையே இருப்பது ஒரு சிறு எண்ணெய்ச் சீல் மாத்திரமே என்பதை இங்கு நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி, இத்தகைய வண்டியில் எத்தனை எண்ணெய்கள் உள்ளன என்று பார்ப்போம். பெற்றோலுடன் கலந்து ஊற்றப்படும் எண்ணெய் ஒன்று. இரட்டை வீச்சு எஞ்சினின் முசலத்துக்கும் கிராங்குத் தண்டின் போளைகளுக்கும் அது வழவழப்பைத் தந்து, பெற்றோலுடனேயே எரிந்து புகையாய்ப் போகின்றது. அதில் ஒரு துளியும் கியர்ப்பெட்டியை அடைவதில்லை. கியர்ப்பெட்டிக்கு உரிய எண்ணெய் மற்றொன்று. அது எரிவதில்லை, மாற்றும் வரை அங்கேயே கிடக்கின்றது. வெஸ்பாவில் அதன் அளவு ஏறக்குறைய 250 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கோப்பையைச் சற்று மிஞ்சிய இவ்வளவு எண்ணெயே எல்லாப் பற்சில்லுகளையும் காக்கின்றது. பெற்றோலிற் கலக்கும் எண்ணெயை இங்கு ஊற்றுதல் தகாது. அது எளிதில் எரிந்துபோக வேண்டும் என்று மெல்லியதாகச் செய்யப்பட்டது. பற்களின் அழுத்தத்தைத் தாங்குதல் அதன் தொழிலன்று.

கியர்ப்பெட்டி எண்ணெய்க்கு அங்கே மூன்று வேலைகள் உண்டு. பற்சில்லுகளின் பற்களுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று இரும்போடு இரும்பு உரசாமற் காத்தல் முதலாவது வேலை. உராய்வினாற் பிறக்கும் வெப்பத்தை ஏந்திக் கூட்டின் சுவருக்குக் கடத்துதல் இரண்டாவது. மூன்றாவது வேலையே பலரும் மறப்பது. இவ்வண்டிகளின் கிளச்சு ஈரக் கிளச்சு; அதாவது, கிளச்சுத் தட்டுகள் அதே எண்ணெயிலே நனைந்தபடி தொழிற்படுகின்றன. தக்கை பதித்த தட்டுகளும் உருக்குத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, வில்லுகளினால் ஒன்றோடொன்று நெருக்கப்படுகின்றன. இத்தட்டுகள் பற்றிக்கொள்ள வேண்டுமாயின் அவற்றிடையே உராய்வு வேண்டும். பற்சில்லுகள் வேண்டுவது உராய்வின்மை. கிளச்சு வேண்டுவது உராய்வு. இவ்விரண்டையும் ஒரே எண்ணெய் ஒருங்கே நிறைவேற்ற வேண்டியிருக்கின்றது. எண்ணெய் தெரிவதிலுள்ள சிக்கல் முழுவதும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றது.

போத்தலின்மேல் முதலிலே கண்ணிற் படுவது எஸ்.ஏ.ஈ. என்னும் எழுத்துகளும் அவற்றையடுத்த இலக்கமும் ஆகும். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911 ஆம் ஆண்டிலே எண்ணெய்களை அவற்றின் பிசுக்குமைக்கு ஏற்ப வகுத்தது. அவ்வகுப்பு முறையே பலமுறை திருத்தம் பெற்று இன்றளவும் நின்று நிலவுகின்றது. பிசுக்குமை என்பது எண்ணெய் ஓடுவதற்குத் தானே காட்டும் தடையாகும். தேனுக்கு அது மிகுதி. தண்ணீருக்கு அது குறைவு. இலக்கம் கூடக் கூட எண்ணெய் தடிப்பாகும்.

ஆயினும் இங்கு ஒரு பொறி உண்டு. எஞ்சின் எண்ணெய்களுக்கு ஓர் அளவுகோல், கியர் எண்ணெய்களுக்கு வேறோர் அளவுகோல் என்று இரண்டு அளவுகோல்கள் வழங்குகின்றன. கொதிநீரின் வெப்பநிலையான 100 பாகை செல்சியசில், 30 ஆம் இலக்க எஞ்சின் எண்ணெயின் பிசுக்குமை 9.3 க்கும் 12.5 க்கும் இடைப்பட்ட சென்ரிஸ்ரோக் ஆகும். 90 ஆம் இலக்கக் கியர் எண்ணெயின் பிசுக்குமை, 2005 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், 13.5 க்கும் 18.5 க்கும் இடைப்பட்டது. இலக்கத்தை மாத்திரம் பார்ப்பவர் 90 என்பது 30 இன் மும்மடங்கு தடிப்பு என்று எண்ணுவார். உண்மையில் அது ஒன்றரை மடங்கையே ஒட்டி நிற்கின்றது. 80 ஆம் இலக்கக் கியர் எண்ணெயோ, 30 ஆம் இலக்க எஞ்சின் எண்ணெயை ஒத்த தடிப்புடையது. ஆதலால் ஓர் அளவுகோலின் இலக்கத்தை மற்றதன் இலக்கத்தோடு ஒப்பிடுதல், முழத்தையும் யாரையும் ஒன்றென மயங்குதல் போன்றதாகும்.

வெஸ்பாவின் பழைய கைந்நூல்கள் கியர்ப்பெட்டிக்குக் குறிப்பது எஸ்.ஏ.ஈ. 30 எண்ணெய். இது கியர் எண்ணெயன்று. எஞ்சின் எண்ணெய் வகையைச் சேர்ந்தது. "கியர்ப்பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயா?" என்று கடைக்காரரே ஐயுற்று 90 ஆம் இலக்கத்தை எடுத்துக் கொடுப்பதுண்டு. செய்தவர் ஏன் மெல்லியதைக் குறித்தார்? தடித்த எண்ணெயிலே கிளச்சுத் தட்டுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் ஒட்டி இழுபடும். காலையிலே முதற் கியரை இடும்போது வண்டி துள்ளும். நடுநிலையைக் கண்டுபிடித்தல் அரிதாகும். நுவரெலியாவிலே, கடல்மட்டத்துக்கு 1800 மீற்றருக்கு மேல், மார்கழி தை மாதங்களின் குளிரிலே இவ்வில்லங்கம் பெரிதாகத் தோன்றும். யாழ்ப்பாணத்து வெயிலிலே குறைவாகத் தோன்றும். ஆயினும் இல்லாமற் போகாது.

அத்துடன், வெஸ்பாவின் கியர்களைத் தெரிவுசெய்வது சிலுவை வடிவமான ஓர் உருக்குத் துண்டு. அது அச்சின் உள்ளே முன்னும் பின்னும் நகர்ந்து, வேண்டிய பற்சில்லின் உட்புறத்து வெட்டுகளிலே தன் நான்கு கைகளையும் பூட்டிக்கொள்கின்றது. கிளச்சு முற்றாக விடாத நிலையில் கியரை வலிந்து மாற்றும் ஒவ்வொரு முறையும் அக்கைகளின் விளிம்பு சிறிது சிறிதாகத் தேய்கின்றது. விளிம்புகள் உருண்டு போனபின், பாரம் ஏறிய வேளையிலே கியர் தானாகவே விடுபடும். பின்னால் லொறி வரும்போது, ஏற்றத்தின் நடுவே எஞ்சின் வீணே இரைய வண்டி நிற்பது எத்தகைய இடர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, போத்தலின்மேல் ஜீ.எல். 4, ஜீ.எல். 5 என்ற குறிகள் காணப்படும். இவை தடிப்பைக் குறிப்பனவல்ல. எண்ணெயிலே சேர்க்கப்பட்ட மருந்தைக் குறிப்பன. 1920-களின் பிற்பகுதியிலே அமெரிக்க மோட்டார்க் கார்களின் பின் அச்சுக்கு ஹைப்பொயிட் என்னும் புதுவகைப் பற்சில்லுகள் வந்தன. அவற்றின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு மிகுதியாகச் சறுக்கவும் செய்கின்றன. அவ்வழுத்தத்திலே சாதாரண எண்ணெயின் படலம் கிழிந்துவிடும். அதற்கெனக் கந்தகமும் பொசுபரசும் அடங்கிய சேர்வைகள் எண்ணெயிலே கலக்கப்பட்டன. வெப்பம் மிகும் இடத்திலே அவை உலோகத்தோடு கூடி ஒரு காப்புப் படையை உண்டாக்குகின்றன. இவற்றையே கடைகளில் ஈ.பி. எண்ணெய் என்பர். ஜீ.எல். 5 இல் இம்மருந்து ஜீ.எல். 4 இல் உள்ளதிலும் ஏறக்குறைய இருமடங்கு.

லொறியின் பின் அச்சுக்கு இம்மருந்து உயிர் காப்பது. ஸ்கூட்டரின் கியர்ப்பெட்டியிலோ ஹைப்பொயிட் பற்சில்லு இல்லை. இணையாக நிற்கும் அச்சுகளில் எளிய பற்சில்லுகளே உள்ளன. அவை வேண்டாத மருந்தை அவற்றுக்குக் கொடுப்பதனால் நன்மை இல்லை. தீமையோ உண்டு. கந்தகச் சேர்வைகளுள் வீரியம் மிக்கவை செம்பு கலந்த உலோகங்களை வெப்பத்திலே அரிக்கும். பித்தளையாலும் வெண்கலத்தாலும் ஆன புசுகள் உள்ள பெட்டியிலே இது கவனிக்கத்தக்கது. தட்டுகளின் பற்றும் தன்மையையும் இம்மருந்து மாற்றக்கூடும். எனவே, "லொறிக்கே ஊற்றும் எண்ணெய், ஸ்கூட்டருக்கு இன்னும் நல்லதாகத்தானே இருக்கும்" என்னும் வாதம் பொருந்தாது.

இனி எஞ்சின் எண்ணெயிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எஸ்.ஏ.ஈ. 30 என்று கைந்நூல் கூறினால், இன்றைய மோட்டார்க் கார்களுக்கு உரிய எண்ணெய்கள் எல்லாம் பொருந்தும் என்பது கருத்தன்று. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காகக் கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மொலித்தனம் முதலிய சேர்வைகள் இடப்படுகின்றன. காரின் கிளச்சு உலர் கிளச்சு. அவ்வெண்ணெய் அதனைத் தொடுவதில்லை. ஸ்கூட்டரின் ஈரக் கிளச்சிலோ அது நேரே தட்டுகளின்மேற் படிகின்றது. சமதரையிலே ஒன்றும் தெரியாது. பின்னாலே ஒருவரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்திலே ஏறும்போது எஞ்சினின் இரைச்சல் மாத்திரம் உயரும், வேகம் உயராது. தட்டுகள் வழுக்குகின்றன, வழுக்கும் தட்டுகள் கருகுகின்றன.

இவ்விடர் உலகெங்கும் உணரப்பட்டமையால், யப்பானியர் 1998 ஆம் ஆண்டில் நால்வீச்சு மோட்டார்ச் சைக்கிள் எண்ணெய்களுக்கு ஜாசோ என்னும் ஒரு நியமத்தை வகுத்தனர். எம்.ஏ. என்னும் குறி ஈரக் கிளச்சுக்கு ஏற்ற உராய்வுடைய எண்ணெயைக் குறிப்பது, எம்.பி. என்பது உராய்வு குறைந்தது. 2006 இல் எம்.ஏ. வகை எம்.ஏ. 1, எம்.ஏ. 2 என மேலும் பகுக்கப்பட்டது. தனி 30 ஆம் இலக்க எண்ணெய் கிடைக்காத இடத்திலே, கைந்நூல் கூறும் தடிப்பையொத்த எம்.ஏ. குறியுள்ள எண்ணெயைத் தேடுதல் நன்று. எம்.பி. குறியுள்ளதைக் கிளச்சு நனையும் பெட்டியிலே ஊற்றுதல் கூடாது.

20 டபிள்யூ 50 போன்ற இரட்டை இலக்க எண்ணெய்களைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். குளிரிலே மெல்லியதாகவும் வெப்பத்திலே தடித்ததாகவும் நிற்பதற்காக இவற்றிலே நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் சேர்க்கப்படுகின்றன. பற்சில்லுகளின் பற்கள் இடையறாது அரைப்பதனால் அச்சங்கிலிகள் துண்டுபடுகின்றன. எண்ணெய் நாளடைவிலே மெலிகின்றது. மேலும், சூடேறிய நிலையிலே 20 டபிள்யூ 50 எண்ணெய் 50 ஆம் இலக்கத்தின் தடிப்புடையது. அது 30 அன்று. அவசரத்துக்கு ஊற்றி ஊர் சேரலாம். வழக்கமாக்கிக் கொள்ளுதல் தகாது.

வெஸ்பாவுக்குச் சொன்னது எல்லா ஸ்கூட்டர்களுக்கும் பொருந்துமோ எனின், பொருந்தாது. மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியிலே இன்னொசெந்தி நிறுவனம் 1947 இல் வெளியிட்ட லாம்பிரெட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் பிற்கால வகைகளில் எஞ்சினையும் கிளச்சையும் ஒரு சங்கிலி இணைக்கின்றது. அச்சங்கிலி, கிளச்சு, பற்சில்லுகள் யாவும் ஒரே நீண்ட கூட்டினுள் எண்ணெயிலே ஓடுகின்றன. அதற்குக் குறிக்கப்பட்டது எஸ்.ஏ.ஈ. 90 கியர் எண்ணெய். அளவும் 600 முதல் 700 மில்லிலீற்றர் வரை. அங்கும் ஜீ.எல். 5 ஐத் தவிர்த்து, மருந்து குறைந்த வகையையே தெரிதல் வேண்டும். ஆகவே, அயலவரின் லாம்பிரெட்டாவுக்கு ஒத்த எண்ணெய் தன் வெஸ்பாவுக்கும் ஒக்கும் என்று கருதுதல் பிழை.

இக்காலத்திலே தெருவெங்கும் ஓடும் தானியங்கி ஸ்கூட்டர்களின் அமைப்பு முற்றிலும் வேறு. அவற்றிலே கியர் மாற்றும் வேலை இல்லை. இறப்பர்ப் பட்டியொன்று விசையைக் கடத்துகின்றது; கிளச்சு உலர் கிளச்சு. பட்டியிலும் கிளச்சிலும் எண்ணெய் படவே கூடாது. பின்சக்கரத்தின் அருகிலுள்ள சிறு கூட்டிலே மாத்திரம் சில பற்சில்லுகள் உண்டு. அதற்கு வேண்டிய எண்ணெய் பொதுவாக 100 மில்லிலீற்றரைச் சற்று முன்பின்னாக இருக்கும். அளவு சிறிது என்பதனாலேயே அதனை மாற்றுவதற்குப் பலர் மறந்துவிடுகின்றனர். எஞ்சின் எண்ணெயை மாற்றும்போது இதுவும் தானாக மாறுவதில்லை. இதற்குத் தனியே ஓர் ஆணி உண்டு. சில நிறுவனத்தார் இதற்குக் கியர் எண்ணெயையும், வேறு சிலர் எஞ்சின் எண்ணெயையும் விதிக்கின்றனர். இங்கு கைந்நூலே பிரமாணம்.

சரியான எண்ணெயைத் தெரிந்தபின், சரியான அளவு முக்கியமாகும். வண்டியைச் சில மைல் ஓட்டி எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது, சமதரையிலே நிமிர்த்தி நிறுத்தி, அடி ஆணியைக் கழற்றி முழுவதும் வடிய விடவேண்டும். ஆணியின் வாசர் நசிந்திருந்தாற் புதியது இடவேண்டும். பின்னர் எண்ணெய் ஊற்றும் துளைவழியே, அதன் விளிம்பிலே எண்ணெய் தலைகாட்டும் வரை மெல்ல ஊற்ற வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். "கூட இருந்தாற் கெடுதி என்ன?" என்று ஊற்றினால், சூட்டிலே விரியும் எண்ணெய் மூச்சுத் துளை வழியாகவோ சீல்களின் ஓரமாகவோ வெளியேறும். பின் சீலைத் தாண்டினால் அது சேருமிடம் பிறேக்குத் தொட்டி. எண்ணெய் ஊறிய பிறேக்குப் பட்டி பிடிக்காது. கியர்ப்பெட்டியிலே தொடங்கிய கவனக்குறைவு, சந்தியிலே பிள்ளையொன்று குறுக்கே ஓடும்போது வந்து முடியக்கூடும். எண்ணெய் மாற்றிய மறுநாள் பின்சக்கரத்தின் உட்புறத்தை ஒருமுறை தடவிப் பார்ப்பதும், தெருவில் இறங்குமுன் பிறேக்கைச் சோதிப்பதும் நல்ல வழக்கம்.

வடித்த எண்ணெயும் ஒரு செய்தி கூறும். வெள்ளித்தூள் போன்ற மிக நுண்ணிய மினுக்கம் சிறிது காணப்படுதல் இயல்பு. விரலிலே உறுத்தும் உலோகத் துண்டு இருந்தாற் பல்லொன்று உடைந்திருக்கலாம். பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். பால் கலந்த தேநீரின் நிறமாயிருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. பெற்றோல் மணந்து, ஊற்றிய அளவினும் மிகுதியாக வடிந்தால், எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலுள்ள சீல் பழுதாகி, கலவை உட்புகுந்து எண்ணெயை மெலியச் செய்துள்ளது. இதற்கு மாறாக எண்ணெய் அளவு குறைந்து, புகைக்குழாயிலே வெண்புகை மிகுந்தால், அதே சீலின் வழியாக எஞ்சின் கியர்ப்பெட்டி எண்ணெயை உறிஞ்சி எரிக்கின்றது. இந்நிலைகளில் எந்த விலையுயர்ந்த எண்ணெயும் பயன் தராது. சீலை மாற்றுவதே பரிகாரம். புதிய வண்டியிலும், புதிதாகப் பற்சில்லு பூட்டிய வண்டியிலும் முதல் 1000 கிலோமீற்றரில் எண்ணெயை மாற்றுதல் வேண்டும். புதிய பற்கள் உதிர்க்கும் தூளைத் தடுப்பதற்கு அப்பெட்டியிலே வடிகட்டி இல்லை.

பழைய எண்ணெயை வேலியோரத்திலே ஊற்றிவிடுதல் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே குடிநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தங்கி நிற்கின்றது. மேலே ஊற்றியது கீழே இறங்கிக் கிணற்றைச் சேர்வதற்குப் பெருந் தடையில்லை. மூடியுள்ள போத்தலிலே அடைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் கராஜிலே ஒப்படைத்தலே முறை.

வண்டிக்கு உரியவர் செய்யத்தக்க எளிய காரியம் ஒன்று உண்டு. கைந்நூலைப் பார்த்து, எண்ணெயின் இலக்கம், வகை, அளவு ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கடைசியாக மாற்றிய திகதியையும் தூரத்தையும் அதன்கீழே குறித்து, வண்டியின் பெட்டிக்குள் ஒட்டி வைக்கலாம். கைந்நூல் தொலைந்திருந்தால், அவ்வகை வண்டியை நன்கு அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பின்னர் வண்டி எந்தக் கராஜுக்குப் போனாலும், எவர் கையிலே சாவி இருந்தாலும், "எந்த எண்ணெய்?" என்னும் கேள்விக்கு விடை வண்டியிலேயே இருக்கும்.